பார்க்கிங்கில் சொட்டிய சிவப்பு

இந்தக் குடியிருப்பில் காலையில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் காருக்கு அடியில் பார்க்கிறார்கள். பால் பாக்கெட் எடுக்க வருகிறவர், நாயை நடத்திக்கொண்டு போகிறவர், பள்ளி வேனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் என்று எல்லோரும் பி பிளாக் தூண் அருகே வந்ததும் ஒரு நொடி நின்று, இடுப்பை வளைத்துத் தரையைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, என்னைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கிள்ளானில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, ஏரிக்காற்று, கோயில் மணி, வாழை இலைச் சாப்பாடு என்று எனக்குப் பொறாமைக் குரல் பதிவுகள் அனுப்ப வேண்டாம். என் காருக்கு அடியில் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பெங்கலில், அதாவது கார் பட்டறையில், பல வருஷம் வேலை பார்த்தேன். தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட சீன முதலாளி என்னை எடுத்தது முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கத்தான். ஆனால் வண்டிக்காரர்கள் சொல்வது ஒன்றாகவும் வண்டிக்கு அடியில் இருப்பது வேறாகவும் இருந்ததால், நானே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குனிந்து பார்க்கப் பழகினேன். தணிகாசலம் அங்கே துறைமுகத்தில் வெல்டர் வேலைக்கு வந்தவர். என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய அப்பா இறந்த பிறகு, அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி இருந்த குடும்ப நிலத்தை பில்டரிடம் கொடுத்து, அதற்குப் பதிலாக அண்ணனுக்கு ஒரு வீடு தம்பிக்கு ஒரு வீடு என்று வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் திரும்பி வந்து அந்த வீட்டில் குடியேறினோம். தம்பியின் மனைவி கஸ்தூரி, எனக்கு ஓரகத்தி. மலேசியாக்காரியைக் கட்டிக்கொண்ட மச்சாண்டார் திரும்ப மாட்டார், இரண்டு வீடும் தன் பிள்ளைகளுக்குத்தான் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான் பெட்டியோடு வந்து இறங்கியதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. எங்கள் இரண்டு பார்க்கிங்கும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் வண்டி, மூன்று கை மாறி என்னிடம் வந்தது. வீடு அவர் பெயரில், கேஸ் இணைப்பு அவர் பெயரில், கரண்ட் பில் செத்துப்போன மாமனார் பெயரில். இந்த ஊரில் என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் அந்தக் கார்தான். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் இடது தோளில் எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்க முடியாது, ஷேர் ஆட்டோவில் நான்கு பேர் நெருக்கினால் உயிர் போகும். ஆகவே அந்தக் கார் இருந்தால் நான் வேலைக்குப் போவேன், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கஸ்தூரியின் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன். அந்தக் காரிலும் பவர் ஸ்டீரிங் வேலை செய்தால்தான் என் கைக்குச் சரிப்படும். அது போய்விட்டால் ஸ்டீரிங் அம்மிக்கல் மாதிரி ஆகிவிடும், என் தோளால் திருப்பவே முடியாது.

அந்தப் பவர் ஸ்டீரிங்கில்தான் கோளாறு வந்தது. திருப்பும்போதெல்லாம் பானட்டுக்குள் ஒரு முனகல். பிறகு காலையில் வண்டியை எடுத்தால் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு, அடுத்த வாரம் காசளவு, அதற்கடுத்த வாரம் உள்ளங்கை அளவு. எஞ்சின் ஆயிலாக இருந்தால் கறுப்பாக இருக்கும். எங்கள் ஊரில் அதற்குப் பெயரே மினியாக் ஹித்தாம், கறுப்பு எண்ணெய். சிவப்பு என்றால் என் வண்டியில் அது பவர் ஸ்டீரிங் ஆயில்தான், பெங்கலில் ஒரு நாள் வேலை பார்த்தவனும் சொல்லிவிடுவான். கிள்ளானில் என்றால் யாராவது ஒரு போர்மேனைக் கூப்பிட்டிருப்பேன். அங்கே மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். இங்கே கள்ளிக்குப்பத்துப் பட்டறையில் போய் போர்மேன் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, அங்கிருந்த பாபு என்கிற மெக்கானிக், கம்பெனிக்குப் போய்க் கேளுங்கள் என்று தொழிற்பேட்டைப் பக்கம் கைகாட்டினான்.

அந்த பாபுவுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை. நான் கேள்வி கேட்பேன், அவன் பதிலை என் கணவரிடம் சொல்வான். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாயா என்று கேட்டேன். "இன்னா அண்ணாத்தே, ரேக்கு போச்சு. மொத்தமா மாத்தணும். இல்லேன்னா வாரம் ஒரு தபா ஆயில ஊத்திக்கினே ஓட்டு" என்றான் அவரிடம். ரேக் என்பது சக்கரங்களைத் திருப்பும் முழு அமைப்பு, மாற்றினால் பெருஞ்செலவு. பானட்டுக்குள் இருந்த ஸ்டீரிங் எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்தால், முன்பு எவனோ வேறு எண்ணெயை ஊற்றிக் கலந்து வைத்திருந்தான், நுரைத்துப் போய்க் கிடந்தது. ஊற்றிக்கொண்டே ஓட்டலாம்தான். அந்த எண்ணெய் சூடான சைலன்சர் குழாயின்மேல் சொட்டினால் வண்டி நடுரோட்டில் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவன் என் கணவரைப் பார்த்துச் சிரித்தான். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, பம்ப், குழாய்கள், இணைப்புகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். பழைய அழுக்கு ஒட்டியிருந்தால் புது ஒழுக்கு தெரியாது. காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து எல்லா இடத்திலும் தூவினேன். பவுடர் வெள்ளையாக இருக்கும், எண்ணெய் கசியும் இடத்தில் மட்டும் சிவப்பாக நனைந்து கோடு இழுக்கும். பெங்கலில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கீழே சொட்டுவதைப் பிடிக்க ஒரு தட்டும் அதன்கீழ் ஓர் அட்டையும் வைத்தேன். தணிகாசலத்தை உள்ளே உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பச் சொன்னேன். கடைசிவரை போய் அங்கேயே அழுத்திப் பிடிக்காதீர்கள், பம்ப் கெட்டுவிடும் என்றும் சொன்னேன். அவர் அக்கம்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே திருப்பினார். நான் கையை உள்ளே விடவில்லை. ஓடுகிற எஞ்சினில் அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்ப்பது முட்டாள்தனம், ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேக் பக்கம் இரண்டு ரப்பர் உறையும் உலர்ந்து சுத்தமாக இருந்தன. பம்ப்பிலிருந்து போகும் பிரஷர் ஹோஸில், ரப்பரும் இரும்பும் சேரும் பூண் அருகே பவுடர் சிவந்து வழிந்தது. ஒரே ஒரு ஹோஸ். அதற்குத்தான் அவன் ரேக்கையே மாற்றச் சொன்னான்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே கஸ்தூரி நின்றாள். அவள் பார்வை என்மேல் இல்லை. தரையில் சிதறிய வெள்ளைப் பொடி, தட்டில் சிவப்புத் தண்ணீர், வண்டி வாங்கியபோது பூசாரி சக்கரத்தில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் காய்ந்த தோல்கூட இன்னும் மூலையில் கிடந்தது. அன்றைக்கு அமாவாசை என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் மருமகளுக்கு இரண்டாவது தடவையும் கரு தங்காமல் போய், அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தினமும் கணவன் வண்டியில் ஏற அவள் அந்தச் சிவப்புச் சொட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறாள்.

"இன்னாக்கா ஊத்திவச்சிக்கீற என் ஊட்டு வாசல்ல?" என்றாள். எண்ணெய் என்றேன். வண்டி எண்ணெய் என்றேன். அவள் தலையை ஆட்டியபடி பின்பக்கமாகவே நடந்து போனாள், எனக்கு முதுகைக் காட்டாமல்.

கிள்ளானில் செய்வினை பயம் கிடையாது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். உங்களில் எத்தனை பேர் போமோ என்கிற மலாய் மந்திரவாதியிடம் போய் எலுமிச்சை மந்திரித்து வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. அங்கே நான் பெங்கல்காரி, என் கை சிவப்பாக இருந்தால் அது எண்ணெய். இங்கே நான் கடல் தாண்டி வந்தவள், பிள்ளை இல்லாதவள், என் கை சிவப்பாக இருந்தால் அது வேறு. பிள்ளை இல்லாதவள் என்பதை மட்டும் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லாமல் அதைச் சொல்வதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே புகை. எட்டிப் பார்த்தால், காவி வேட்டி கட்டின ஒருவன் என் காரின் முன்னால் பூசணிக்காயை வைத்து, அதன்மேல் கட்டிக் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தியிருந்தான். கஸ்தூரியும் அவள் புருஷனும் பின்னால் கைகட்டி நின்றார்கள். என் தட்டும் எண்ணெயில் ஊறிய அட்டையும் வண்டிக்கு அடியில் அப்படியே இருந்தன. அவன் பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைத்தான். எரிகிற கற்பூரம் உருண்டு அட்டைமேல் போய் விழுந்தது. நான் படியிறங்கி வருவதற்குள் அட்டை பிடித்து, முன் டயருக்குப் பக்கத்தில் தீ நாக்கு நீட்டியது. அதற்குமேல்தான் அந்த ஹோஸ், அதற்கும் கொஞ்சம் தள்ளி பெட்ரோல் குழாய். மேலே மூன்று மாடியிலும் ஆட்கள். நல்லவேளை, பிளம்பர் வேலைக்குக் கொட்டிய மணல் தூண் ஓரமாகக் கிடந்தது. ஒரு கையால் அள்ளி அள்ளிப் போட்டேன். யாரும் உதவிக்கு வரவில்லை. காவி வேட்டி ஓடிவிட்டான். அணைந்த பிறகு கஸ்தூரி தன் புருஷனிடம் சொன்னது காதில் விழுந்தது. தானாகவே பிடித்து எரிகிறது பாருங்கள், எவ்வளவு செய்வினை வச்சிருக்கிறாள் என்றாள். அந்த இடத்திலேயே அவளை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். செயலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, எல்லோரையும் சார் மேடம் என்றுதான் பேசுவான். நான் பானட்டைத் திறந்து, கூட்டம் முழுவதையும் கூப்பிட்டு, பவுடர் சிவந்திருந்த இடத்தைக் காட்டினேன். கடையில் வாங்கிய புது எண்ணெய் டப்பாவைத் திறந்து ஒரு துளியைத் துணியில் விட்டு, தரையில் இருந்த கறைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம், ஒரே வாசனை. படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைபேசியில் தேடிப் பார்த்து, ஆமாம் சிவப்புத்தான் என்று உறுதி செய்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது கஸ்தூரி எழுந்தாள். லீக் இருக்குது, இல்லேன்னு சொல்லலை, அந்த லீக்கை வச்சே செஞ்சிருந்தா என்று கேட்டாள். சற்றுமுன் எனக்குத் தலையாட்டியவர்கள் இப்போது அவளுக்குத் தலையாட்டினார்கள். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றும், ஆனால் எல்லோருடைய நிம்மதிக்காகவும் ஏரிக்கரை அம்மன் கோயிலில் ஒரு சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றும் சொன்னான். அதுவரை வண்டி உள்ளே வேண்டாமாம்.

நான் முடியாது என்றேன். என்ன தப்பு செய்தேன் என்று சத்தியம் செய்வது? வண்டியை வெளியே ஏரிப் பக்கத்துச் சாலையில் நிறுத்தினேன். அந்த வாரமே ஹோஸை மாற்ற ஏற்பாடு செய்தேன். வேறு வழியில்லாமல் அதே பாபுதான் வந்தான். ஸ்பானரை முறுக்க என் தோளுக்குத் தெம்பில்லை, அவனுக்கு நான் சொல்வதைக் கேட்கும் மனமில்லை. வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகக் கூடாது, ஸ்டாண்டு வை, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு என்றேன். "பொம்பள சொல்லி நான் வண்டிக்கு கீழ போணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். இணைப்பில் பழைய வாஷரையே போடப் பார்த்தான், புதுசைக் கையில் கொடுத்தேன். பழைய எண்ணெய் முழுவதையும் கேனில் வடித்து, சரியான எண்ணெயை ஊற்றி, எஞ்சினைப் போடாமலே முன் சக்கரம் தூக்கியபடி ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பி, டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினோம். பிறகு ஸ்டார்ட் செய்தபோது முனகல் இல்லை. ஸ்டீரிங் ஒரே விரலுக்குத் திரும்பியது. பாபு காசை என் கணவர் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டான்.

ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. ஆனாலும் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்ற வண்டியின் பக்கக் கண்ணாடியை எவனோ ஒடித்தான், பிறகு டயரில் காற்றை இறக்கினான். ஒரு நாள் காலையில் என் வண்டியைச் சுவரோடு அடைத்து லாரியை நிறுத்திவிட்டுப் போனார்கள், என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் அன்று முதல் தடவையாக லீவு சொன்னேன். தலைமையாசிரியை, இது அடிக்கடி நடக்குமா என்று கேட்டார். தணிகாசலம் வண்டியை விற்றுவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து அது வந்த அன்றைக்குத்தான், சரி, சூடம் அணைக்கிறேன் என்று சொன்னேன். ஆத்திரத்தில்தான் சொன்னேன், பக்தியில் இல்லை.

கோயிலுக்குக் குடியிருப்பில் பாதி பேர் வந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்களும் வந்தார்கள், சும்மா பார்க்க வந்தோம் என்று சிரித்துக்கொண்டே. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அணைக்கச் சொன்னார். புருஷன் வீட்டுக் குலதெய்வத்தின் பெயரைத்தானே சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். கஸ்தூரி குறுக்கே வந்தாள். "அது எங்க ஊட்டு சாமிக்கா. எங்களுக்கு கேக்கும், உனக்கு கேக்காது. உன் பொறந்த ஊட்டு சாமி பேர சொல்லு" என்றாள். இத்தனை வருஷம் அந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்தவள் நான், ஒரே வாக்கியத்தில் என்னை வெளியே தள்ளினாள். தணிகாசலம் பக்கத்தில்தான் நின்றார். அவர் சூடத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்குச் சாமி ஒரு முனியாண்டி. எங்கள் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஆலமரத்தடியில் இருந்தார். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது மரத்தை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். சிலையை லாரியில் ஏற்றி ஒரு கோயிலின் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தோம். அந்த இடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகு முனியாண்டி யார் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பெயரைத்தான் உரக்கச் சொன்னேன். யாருக்கும் நான் கேடு நினைக்கவில்லை, கேடு செய்யவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினேன். தோல் பொரிந்தது. கையை உடனே எடுக்கவில்லை, அவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

கூட்டம் கலைந்தது. கஸ்தூரி போகாமல் நின்றாள். பக்கத்தில் வந்து, என் கையைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த சாமி எங்க கீறாருக்கா? மருமவளுக்கு வேண்டிக்கலாம்னு பாக்கறேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்திலும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் நினைவுக்கு வந்தது. கிழக்கே, என்றேன். அவள் உடனே கிழக்கே திரும்பி, டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளையும் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் காவலாளி கேட்டை அகலத் திறந்துவிட்டான். வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் திருப்பியே வண்டியை பி பிளாக் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேலே கஸ்தூரி வீட்டு ஜன்னலில் கிழக்கு பார்த்து ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிற்க ஓர் இடமில்லாத சாமியின் பேரைச் சொல்லி என் வண்டிக்கு நிற்க இடம் வாங்கியிருக்கிறேன் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது?